தமயந்தி தூக்கிப் போட்ட பந்து

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க தம்பி. படிக்க இல்ல, அந்தப் படத்தை மட்டும் பாத்துட்டுத் தந்துர்றேன். புது ஸ்டேடியம்தானே? மேல கூரை, கீழ ரப்பர் தரை, உள்ள ஏசி. நல்லாத்தான் கட்டியிருக்காக. நான் குறை சொல்லல தம்பி. இப்படி ஒரு எடத்துக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வச்சவன் நான். அந்த உரிமையிலதான் கேட்டேன்.

நீங்களும் திருப்பூர்தானா? அப்ப பஸ்ஸு போய்ச் சேர இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு. சொல்றேன், கேளுங்க. கண்ணு சொருகுனா தூங்குங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். என் வீட்டுக்காரி நான் இந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா.

எம்பேரு சோலையப்பன். கரண்டு ஆபீசுல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஊரு கீழநெடுங்குளம். அருப்புக்கோட்டையில எறங்கி உள்ள போகணும். வயசுல டிபார்ட்மெண்ட் டீமுக்கு வாலிபால் ஆடியிருக்கேன். இப்ப பாத்தா தெரியாது. அப்ப நான் அடிச்சா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியை மறைப்பான்.

எங்க ஊருக் கண்மாய்க்கரைக்குக் கீழ கொஞ்சம் புறம்போக்கு. முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வெட்டி, வேரு பறிச்சு, மண்ணடிச்சு, ரெண்டு மாசம் பாடுபட்டு ஒரு கோர்ட்டு போட்டேன். பையங்களுக்குன்னுதான் போட்டது. நாலு நாள் ஆடிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போயிட்டானுக. அப்பத்தான் எம்பொண்ணு தமயந்தி கேட்டா, "சும்மாதானப்பா கெடக்கு, நாங்க ஆடட்டுமா?"ன்னு. அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழிச்சுப் பொறந்த ஒத்தப் பிள்ளை. அவ கேட்டு நான் எதையும் இல்லேன்னு சொன்னதில்ல.

கொஞ்சங் கொஞ்சமாப் பன்னெண்டு பிள்ளைக சேந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுக்குத் தண்ணி எடுத்து ஊத்திட்டு, அஞ்சு மணிக்கு வந்து நிப்பாளுக. துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு. ஆறரைக்கு விடுவேன். ஆத்தாமாரு மொதல்ல திட்டுறதுக்கு வந்தாக. அப்புறம் கரையில உக்காந்து பாக்க வந்தாக. அப்புறம் பந்து பொறுக்கிப் போட்டாக. செல்லப்பேச்சின்னு ஒரு பிள்ளை, அவ ஆத்தா ஒரு நாள் "நானும் ஒண்ணு போடுறேன்"னு சர்வீஸ் போட்டு, பந்து நேராக் கண்மாய்க்குள்ள போய் விழுந்துருச்சு. அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆச்சு ஊருல.

அரசாங்கத்துல அப்ப ஒரு திட்டம் இருந்துச்சு. கிராமத்துக்குக் கிராமம் விளையாட்டு மையம்னு. ரெண்டு இரும்புக் கம்பம், நெட்டு, பந்து, வருசத்துக்கு ஒரு தடவை டவுன்ல போட்டி. மையத்தைப் பாத்துக்கிட உள்ளூருல ஒரு ஆளு. அது நான்.

அந்தப் பன்னெண்டுல ஒருத்தி ஜெபராணி. அப்பா இல்ல, ஆத்தா தீப்பெட்டி ஆபீசுல வேலை. பதினஞ்சு வயசுலயே அஞ்சடி பத்து அங்குலம். எம்பொண்ணு அவ ஆத்தா மாதிரி, நாலடி பத்துக்கு மேல வளரல. அதனால அவளை லிஃப்ட் போட வச்சேன். உங்களுக்கு வாலிபால் தெரியுமா? ஒருத்தி பந்தை எடுக்கணும், ஒருத்தி தூக்கிப் போடணும், ஒருத்தி அடிக்கணும். அந்த நடுவுல உள்ள வேலை. பெரிய வேலை ஒண்ணும் இல்ல, குட்டையா இருக்கவுகளுக்குக் குடுக்கிறது. அடிக்கிறதுலதான் ஆட்டமே இருக்கு.

ஜெபா அடிக்கிறதை நீங்க பாத்திருக்கணும். ஒரு அதிசயம் சொல்றேன், நம்ப மாட்டீக. அவ எகிறும்போது கண்ணை மூடிக்கிடுவா. சத்தியமா. கண்ணை மூடிக்கிட்டுக் கையை வீசுவா, பந்து அங்க இருக்கும். நூறு தடவை பாத்திருக்கேன். பொறப்புலயே வந்த திறமைன்னா இதுதான்னு பாக்கிறவுககிட்டயெல்லாம் சொன்னேன். தமயந்திகூட ஒரு நாள் சிரிச்சிக்கிட்டே, "அவ கண்ணை மூடிக்கிட்டா, அப்ப பந்தை அங்க கொண்டுபோய் வைக்கிறது யாருப்பா?"ன்னு கேட்டா. விளையாட்டுக்குக் கேக்கிறான்னு விட்டுட்டேன்.

நாலாவது வருசம் டவுன்ல நடந்த போட்டியில கான்வெண்டுப் பிள்ளைகளையெல்லாம் தோக்கடிச்சுக் கப்பு வாங்கினோம். அடுத்த வாரமே ஆபீசர் ரெங்கராஜ் ஊருக்கு வந்துட்டாரு. நல்ல மனுசன். அவரும் பழைய ஆட்டக்காரர்தான். கூட ரெண்டு பேரு, உயரம் அளக்கிற கம்பி எல்லாம் கொண்டாந்தாக. பன்னெண்டு பிள்ளைகளையும் வரிசையா நிக்க வச்சு அளந்தாக. தமயந்தி குதிகாலைத் தூக்கி நின்னா. "காலைக் கீழ வைம்மா"ன்னாரு அளக்கிறவரு. எல்லாரும் சிரிச்சாக, அவளும் சிரிச்சா.

என்னயத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு ஆபீசரு. "ஜெபராணி எங்களுக்கு வேணும் சார்"ன்னாரு.

"கூட்டிட்டுப் போங்க சார், சந்தோசம்"னேன்.

"ஒரு சிக்கல் இருக்கு. மேல முடிவு மாறிடுச்சு. ஊர் ஊரா நெட்டும் பந்தும் குடுத்து என்ன கண்டீங்க, ஒரு பதக்கம் வந்துச்சான்னு மீட்டிங்ல கேக்கிறாங்க. என்கிட்ட பதில் இல்ல. இனிமே எல்லாத்தையும் ஒரே இடத்துல போடப்போறாங்க. சிட்டியில சிறப்பு மையம். வெளிநாட்டுக் கோச், டாக்டர், முட்டை, பால், எல்லாம். கிராம மையத்தையெல்லாம் மூடிடணும்."

"இங்க பிள்ளைக ஆடிக்கிட்டு இருக்கே சார்?"

"ஆடிக்கிட்டு இருக்காங்கன்னு எழுதினா மூட முடியாது. மூடலேன்னா நம்ம மாவட்டத்துப் பங்குப் பணம் அங்க போய்ச் சேராது. சேரலேன்னா நம்ம பொண்ணுக்கு அங்க இடம் கேக்க முடியாது. எனக்கும் இது பிடிக்கல சார். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு இந்தியாவுக்கு ஆடினா, நாளைக்கு உங்க ஊர்லயே நூறு பொண்ணு ஆட வரும்."

நூறு பொண்ணு! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி.

கடுதாசியை அவரே அடிச்சுக் கொண்டாந்திருந்தாரு. ஒரு வருசமா இந்த மையத்துக்குப் பிள்ளைக யாரும் வாறதில்ல, மையம் தேவையில்லன்னு. கீழ என் கையெழுத்து வேணும். பைக்கு சீட்டு மேல வச்சுப் போட்டேன். அங்கிட்டு பிள்ளைக ஆடிக்கிட்டு இருக்காளுக, பந்து விழுற சத்தம் கேக்குது, "என்னுது, என்னுது"ன்னு தமயந்தி கத்துறது கேக்குது. என்ன பெரிய விசயம், ஒரு கையெழுத்து. அதுலயும் ஒண்ணைக் கவனிச்சீகளா? எம்பொண்ணுக்கும் ஒரு எடம் குடுங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. இன்னைக்கு எவன் அப்படி இருப்பான்? தகுதி யாருக்கு இருக்கோ அவளுக்குத்தான்னு நின்னேன்.

ஜெபாவை ஊரே கூடி பஸ் ஏத்திவிட்டோம். தமயந்தி அவ கையைப் பிடிச்சிக்கிட்டு பஸ்ஸு நகர்ற வரைக்கும் கூடவே நடந்தா.

பத்து நாள் கழிச்சு வேன் வந்துச்சு. சாயங்காலம், பிள்ளைக ஆடிக்கிட்டு இருக்கிற நேரம். நெட்டை அவுத்துச் சுருட்டினாக, கம்பத்தைக் கடப்பாறை போட்டுத் தோண்டி எடுத்தாக, பந்து ஆறையும் எண்ணி வாங்கிக்கிட்டாக. மூடின மையத்துச் சாமானைத் திருப்பி எடுக்கணுமாம். எனக்கே அது தெரியாது, ஆபீசரு சொல்லல. வேன்ல வந்த ஒரு ஆளு கையில அந்தக் கடுதாசி நகல் இருந்துச்சு. தமயந்தி அதை வாங்கிப் படிச்சா. படிச்சிட்டு என் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா.

"நாங்க தெனமும் வாறோமேப்பா. யாரும் வாறதில்லேன்னா எழுதிக் குடுத்தீக?"

"அது ஒரு நடைமுறைம்மா, உனக்குப் புரியாது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அத்தனை பிள்ளைக முன்னாடி அப்படிக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? கோவம் வந்துருச்சு. "உன்னைய எடுக்கலேன்னு பொறாமை உனக்கு"ன்னு சொல்லிட்டேன்.

அவ என்னயப் பாத்தா. அப்புறம் போய், கம்பம் பறிச்ச குழியைக் காலால மண்ணைத் தள்ளி மூடினா. மத்த பிள்ளைகளும் வந்து மூடினாளுக. யாரும் விழுந்துறக் கூடாதுன்னு நெனச்சாளுகளோ என்னமோ.

அன்னையில இருந்து அவ எங்கிட்ட பேசுறதில்ல தம்பி. ஆறு வருசமாச்சு. வீட்டுல இருந்த வரைக்கும் சாப்பாடு வைப்பா, சட்டையைத் துவைச்சுப் போடுவா, பேச மாட்டா. எடம் கெடைக்கலேங்கிற வருத்தம் அவளுக்கு. அது எனக்குத் தெரியும். ஆனா நான் என்ன செய்ய? உயரம் இல்லையே.

நான் சும்மா இருந்திட்டேன்னு நெனைக்காதீக. ஒரு பந்தும் நெட்டும் கைக்காசு போட்டு வாங்கிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள, யாரும் பொழங்காத எடம்னுதான் பேப்பரே இருக்கேன்னு சொல்லிக் குப்பை தரம் பிரிக்கிற கொட்டகையைப் பஞ்சாயத்துல அங்க போட்டுட்டாக. இப்பவும் இருக்கு. ஈ மொய்ச்சிக்கிட்டு.

செல்லப்பேச்சின்னு சொன்னேன்ல, அவ ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. நெட்டு போய் ஒரு அஞ்சு மாசம் இருக்கும். வாசப்படிக்குக் கீழயே நின்னுக்கிட்டு, "மாமா, பங்குனியில டவுன்ல மேட்ச்சு இருக்குன்னு எங்க அப்பாகிட்ட சொல்லுறீகளா?"ன்னா. "எங்க இருக்குத்தா மேட்ச்சு? மையமே இல்லையே"ன்னேன். "தெரியும் மாமா. நீங்க சொன்னா நம்புவாரு. ரெண்டு வருசமா மேட்ச்சு மேட்ச்சுன்னு சொல்லித்தான் எங்கம்மா தள்ளிப் போட்டுக்கிட்டு வந்துச்சு. இப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்துட்டாக"ன்னா. அவளுக்குப் பதினாறு முடியல.

எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தம்பி, நான் வாழ்க்கையில பொய் சொன்னதில்ல. "இல்லாததை இருக்குன்னு எப்படித்தா சொல்றது?"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ள தமயந்தி அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தா. சொளகைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் பேச்சி பின்னாலயே ஓடினா. ரெண்டு பேரும் கண்மாய்க்கரையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாகன்னு சொன்னாக.

பேச்சிக்கு இப்ப ரெண்டு பிள்ளைக. கடைவீதியில பாத்தா, இடுப்புல ஒண்ணும் கையில ஒண்ணுமா நின்னுக்கிட்டு, "மாமா, மேட்ச்சு எதுவும் இருக்கா?"ன்னு கேப்பா. கேட்டுட்டுச் சிரிப்பா. பாக்கிறப்பயெல்லாம் கேக்கிறா. நல்ல தமாசுக்காரப் பிள்ளை. நானும் சிரிச்சிட்டு வந்துருவேன். இப்பல்லாம் அந்தத் தெரு வழியாப் போறதில்ல, முழங்கால் வலி, சுத்திப் போறது கொஞ்சம் சமமா இருக்கு.

மத்தவளுகளும் அப்படித்தான். ரெண்டு பேரு மில்லுக்குப் போனாக. ஒருத்தி நர்சுக்குப் படிக்கிறா. மத்தவளுகளை யாரு கண்டா.

ஜெபா கதைக்கு வாறேன். மொத ஆறு மாசம் பிரமாதம். ஏசி ரூமு, கட்டில் மெத்தை, தெனம் நாலு முட்டைன்னு அவ ஆத்தாகிட்ட போன்ல சொல்லுவா. அப்புறம் எங்க வீட்டுக்குப் போன் போட ஆரம்பிச்சா. "மாமா, தமயந்திகிட்ட குடுங்க"ம்பா. நான் குடுக்கல. கவனம் செதறக் கூடாதுல்ல? "நீ ஆட்டத்துல மட்டும் புத்தியை வையி"ன்னு சொல்லி வச்சிருவேன். ஒரு தடவை அழுதுக்கிட்டே சொன்னா, "மாமா, இங்க எனக்குப் பந்து வர மாட்டேங்குது"ன்னு. பந்து வரலேன்னா போய் அடிக்கணும், அதுக்கு ஏன் அழணும்? கண்ணை மூடுறாள்னு கோச்சு திட்டினாராம். கண்ணைத் தொறந்து பழகுன்னேன்.

கண்ணைத் தொறந்தா எகிறுறது சரியா வரல போல. எகிறுறதுக்கு ஏதோ தனிப் பயிற்சி குடுத்திருக்காக, இடுப்புல எடையைக் கட்டிக்கிட்டுப் பெட்டி மேல ஏறி ஏறிக் குதிக்கணுமாம். ரெண்டாம் வருசக் கடைசியில முழங்காலுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சு போச்சு. ஆபரேசன் அரசாங்கமே பாத்துச்சு, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனா எடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுத்துட்டாக. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழி பூராம் அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, "கோர்ட்டு இருக்கா மாமா?"ன்னு. கோர்ட்டு போச்சுன்னு யாரும் அவளுக்குச் சொல்லக்கூட இல்லையான்னு நெனச்சேன். பஸ்ஸு எறங்கினதும் அவளே பாத்துக்கிட்டா.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்தப் பிள்ளைக்கு நேரம் சரியில்ல. சாப்பாடு ஒத்துக்கலயோ என்னமோ. திறமை இருந்துச்சு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆபீசரைக்கூட ஒரு தடவை பாத்தேன். மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி. "நூறு பொண்ணு வரும்னு சொன்னீகளே சார்"னேன், சும்மா பேச்சுக்கு. அவரு என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு.

தமயந்தி பிளஸ் டூ முடிச்சதும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குக் கெளம்பிட்டா. ஆத்தாகிட்ட மட்டும் சொன்னா. கால் கொஞ்சம் தேறினதும் ஜெபாவும் அங்கயே போய்ச் சேந்துட்டா. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே லைன் வீடு. வாரத்துக்கு ஒரு தடவை ஆத்தாளுக்குப் போன் வரும். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். "அப்பா நல்லா இருக்காரா?"ன்னு கேக்கிறாளான்னு. மாத்திரை சாப்பிடுறாரான்னு கேப்பா. அது வரைக்கும் கேப்பா.

போன மாசம் மனசு கேக்காம நானே கெளம்பித் திருப்பூருக்குப் போயிட்டேன், சொல்லாம. ஞாயித்துக்கிழமை. வெலாசத்தை விசாரிச்சு அந்தத் தெருவுக்குள்ள போனா ஒரே கூச்சல். பொம்பளைக கூச்சல். எட்டிப் பாத்தா, கரண்டுக் கம்பத்துக்கும் எதுத்த வீட்டு ஜன்னலுக்கும் குறுக்க ஒரு கயிறு. ரெண்டு பக்கமும் பொம்பளைக. நைட்டி போட்டவ, சேலையைத் தூக்கிச் சொருகினவ, ஹிந்திக்காரப் பிள்ளைக ரெண்டு, அம்பது வயசுல ஒரு அம்மா. வாலிபால் ஆடுறாக தம்பி. தெருவுல.

நடுவுல எம்பொண்ணு நிக்கிறா. "என்னுது, என்னுது"ன்னு அதே கத்து. ஜெபா ஓரமா நிக்கிறா. அவளால குதிக்க முடியாதுல்ல. தமயந்தி பந்தைத் தாழப் போடுறா. தாழன்னா, ஜெபா தரையில நின்ன மேனிக்குக் கையை நீட்டினா எட்டுற எடத்துல. இம்மி பிசகல. ஒவ்வொரு பந்தும் அங்கதான் வந்து விழுது. அந்தப் பிள்ளை நின்னுக்கிட்டே அடிக்கிறா, தெரு பூராம் கைதட்டுது. அப்படியே வந்து அந்த அம்பது வயசு அம்மாவுக்கும் ஒண்ணு தூக்கிப் போடுறா, அந்தம்மா உயரத்துக்கு, அந்தம்மா வேகத்துக்கு. அந்தம்மாவும் அடிச்சிருச்சு.

நாப்பது வருசமா நான் வாலிபால் பாக்கிறேன் தம்பி. அப்படி ஒரு லிஃப்ட்டை... சரி, விடுங்க. வெயில் மூஞ்சியில அடிக்குது, அந்த ஸ்க்ரீனை இழுத்து விடுறீகளா?

என்ன சொன்னேன்? ஆங். மறைஞ்சு நின்னிருக்கணும். கால் தானா முன்னால போயிருச்சு. தமயந்தி என்னயப் பாத்துட்டா. கையில இருந்த பந்தை அப்படியே வச்சிக்கிட்டு நின்னா. எல்லாரும் திரும்பிப் பாத்தாக. பக்கத்துல நின்ன பொம்பளை, "யாரு தமயா இது?"ன்னு கேட்டா.

"எங்க ஊரு விளையாட்டு மையத்தைப் பாத்துக்கிட்டு இருந்தவரு"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. ஆறு வருசத்துல எம்முன்னாடி நின்னு என்னயப் பத்தி அவ சொன்ன மொத வார்த்தை. ஜெபா மட்டும், "வாங்க மாமா, ஒரு ஆளு குறையுது"ன்னு கூப்பிட்டா. நான் ஒரு அடி எடுத்து வச்சேன். அதுக்குள்ள தமயந்தி ஜன்னல்ல ஏறிக் கயிறை அவுக்க ஆரம்பிச்சிட்டா. அவசர அவசரமா. மத்த பொம்பளைகளுக்கு ஒண்ணும் புரியல, "இன்னும் பொழுது இருக்கேடி"ங்கிறாக. அவ காதுல வாங்கல. கயிறைச் சுருட்டி நெஞ்சோட இறுக்கி வச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. யாரோ பறிக்க வந்த மாதிரி.

காப்பி குடுத்தா ஜெபா. குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிட்டேன்.

இன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதானே. நாலு மணிக்கு ஆரம்பிப்பாகன்னு ஜெபா சொல்லியிருக்கா. அந்தத் தெருமுனையில ஒரு டீக்கடை இருக்கு, உள்பெஞ்சுல உக்காந்தா தெரு தெரியும், நம்ம உக்காந்திருக்கிறது தெரியாது. இந்தத் தடவை அங்கயே இருந்து பாத்துட்டு வந்துருவேன். நான் போனா ஆட்டம் நின்னுரும்ல.